இஞ்சின் வீட்டு நோட்டு

"ரெண்டு தடவை கார்டு மாத்திட்டோம் அங்கிள். இப்ப போட்ட மூணாவதும் விழுந்திருச்சு."

போனில் பேசிய பெண்ணுக்கு இருபத்து நான்கு வயது. வேலைக்குச் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. குரலில் பயம் இல்லை, களைப்புதான் இருந்தது. அப்போது மாலை ஐந்தரை மணி. ஈப்போவில் அந்த நேரத்து மழை சுண்ணாம்புக் குன்றுகளை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே வரும். குனோங் சீரோ முருகன் கோவில் பக்கத்துக் குன்று மறைந்துவிட்டால் அடுத்த பத்து நிமிடத்தில் என் வீட்டு முற்றம் நனையும்.

"கடைசியா என்னம்மா செஞ்சீங்க?"

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணினோம்."

"அதுக்கு முன்னாடி லாக் எடுத்தீங்களா?"

பதில் வரவில்லை. நான் கார்ச் சாவியை எடுத்தேன்.

வடக்கே சுங்கை சிப்புட் பக்கம் அரை மணி நேரப் பயணம். அவள் வேலை பார்க்கும் கட்டடத்துக்கு நான் போவது அதுதான் முதல் முறை. ஆனால் அந்த மண்ணுக்குப் புதியவன் இல்லை. கட்டடம் நிற்கும் இடத்தில் நான் சிறுவனாக இருந்தபோது பால் மரங்கள் நின்றன. அங்கே பால் வெட்ட என் அம்மாவுக்கு ஒரு நிரை இருந்தது. இப்போது கார்கள் நிற்கும் தார்த் தரைக்கு அந்தக் கோடியில், ஏறக்குறைய இருநூறு அடி தள்ளி, அப்பாவின் இஞ்சின் வீடு இருந்தது. பிறகு மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள், அதற்கும் பிறகு செம்பனையை அழித்துத் தாமான் என்ற குடியிருப்பைக் கட்டினார்கள். அடையாளத்துக்கு மிஞ்சியிருப்பது வளைந்து ஓடும் வாய்க்கால் ஒன்றுதான்.

விழுந்துகொண்டிருந்தது அந்தக் கட்டடத்து நெட்வொர்க் சுவிட்சின் கார்டு. சுவிட்ச் என்றதும் சுவரில் விளக்குப் போடும் பொத்தானை நினைக்க வேண்டாம். ஒரு கட்டடத்தின் கணினிகள், தொலைபேசிகள், கேமராக்கள், கதவுப் பூட்டுகள் எல்லாவற்றின் கம்பிகளும் வந்து கூடும் இடம் அது. வரும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் முகவரி பார்த்துப் பிரித்து உரிய வாசலுக்கு அனுப்பும். சின்ன அலுவலகத்துக்கு ஒரு புத்தகத்தின் கனமுள்ள பெட்டி போதும். பெரிய இடங்களில் சேசிஸ் வைப்பார்கள். அது அரை அலமாரி உயரமுள்ள இரும்புக் கூடு, அதில் வரிசையாக ஸ்லாட்டுகள். ஒவ்வொரு ஸ்லாட்டிலும் ஒரு கார்டு செருகியிருக்கும். ஒன்றோ இரண்டோ சூப்பர்வைசர் கார்டு, அதுதான் மூளை. மற்றவை கம்பிகள் வந்து சேரும் லைன் கார்டுகள். கீழே இரண்டு பவர் சப்ளை, பக்கத்தில் ஒரு விசிறித் தட்டு. இவை எல்லாவற்றையும் பின்னால் இணைப்பது பேக்பிளேன் என்ற பெரிய பலகை. கார்டை உள்ளே தள்ளும்போது பேக்பிளேனில் நிற்கும் நூற்றுக்கணக்கான ஊசிமுனைகள் கார்டின் துளைகளுக்குள் போய் உட்காரும்.

இதில் பெரிய வசதி ஒன்று உண்டு. ஒரு கார்டு கெட்டால் மற்றவற்றை நிறுத்தாமல் அதை மட்டும் உருவி வேறொன்றைப் போடலாம். என் இருபத்தைந்து வருட அனுபவத்தில், வேலை தெரிந்த பிள்ளைகளின் கையைக் கெடுத்ததும் அந்த வசதிதான். விளக்கு சிவப்பாக எரிந்தால் கார்டை மாற்று. மறுபடி எரிந்தால் மறுபடி மாற்று. எதனால் எரிந்தது என்று எவரும் கேட்பதில்லை.

அப்படிக் கேட்ட ஒருவர் என் அப்பா, தோட்டத்தில் இஞ்சின் டிரைவர். பாலைத் தகடாக்கும் ஸ்டோருக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று என இரண்டு டீசல் இஞ்சின்கள் அவர் பொறுப்பில் இருந்தன. அம்மாவும் மற்றவர்களும் விடியுமுன் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய், மரம் மரமாக வெட்டி, வாளியில் சேர்த்துக் கொண்டுவரும் பால் முற்பகலில் ஸ்டோருக்கு வந்துவிடும். கணக்கெழுதும் கிராணி அதை நிறுத்து, மெட்ரோலாக் குழாயை மிதக்கவிட்டு ரப்பர்ச் சத்து எவ்வளவு என்று பார்ப்பார். பிறகு தொட்டியில் ஊற்றி ஃபார்மிக் ஆசிட் கலப்பார்கள். உறைந்த பாலை உருளைகளில் கொடுத்துத் தகடாக்கிப் புகை வீட்டில் தொங்கவிடுவார்கள். உருளைகளைச் சுற்றுவது அப்பாவின் இஞ்சின், நீளமான பெல்ட் வழியாக. இஞ்சின் நின்றால் பால் காத்திருக்காது. தொட்டியிலேயே இறுகிப் பாளமாகிவிடும், உருளை அதை ஏற்காது. முப்பது குடும்பங்களின் ஒரு நாள் உழைப்பு மட்டச் சரக்காகப் போகும். நெட்வொர்க் நின்றால் நிமிடத்துக்கு எவ்வளவு நட்டம் என்று இன்று என்னிடம் கணக்குச் சொல்லும் மேலாளர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தொட்டிகள் நினைவுக்கு வரும். அவசரம் அன்றும் இருந்தது.

இன்னொரு இஞ்சின் மாலை ஆறு மணிக்கு ஓடத் தொடங்கும், இரவு பத்துக்கு நிற்கும். லயன் வீடுகளுக்கு மின்சாரம் அந்த நான்கு மணி நேரம்தான். பேராக் ஆற்றின் குறுக்கே செண்டரோ அணையின் மின்நிலையம் 1930இலிருந்து ஓடிக்கொண்டிருந்தது, எங்களுக்கு அதிக தூரமும் இல்லை. அந்த மின்சாரம் கிந்தாவின் ஈயச் சுரங்கங்களான லம்பங்களுக்கும் ஈயம் வாரும் கப்பல்களுக்கும் போனது. நாற்பது வருடம் கழித்தும் எங்கள் லயத்தில் பத்து மணிக்கு இருட்டுதான். பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அப்பா ஒருமுறை விளக்கை மங்கவைத்துக் காட்டுவார். அதைப் பார்த்ததும் தாய்மார்கள் பாயை விரிப்பார்கள், நான் புத்தகத்தை மூடுவேன்.

விடுமுறை நாட்களில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. அப்படித்தான் பழுது கண்டுபிடிக்கும் அவர் கலையை அருகில் இருந்து பார்த்தேன்.

ஒருநாள் இஞ்சின் சத்தம் மாறியிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சோற்றுத் தூக்கை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அப்பா நீளமான திருப்புளியை எடுத்தார். முனையை இஞ்சின் மேல் ஊன்றி, மரப்பிடியைக் காதோடு வைத்துக் கண்ணை மூடினார். முதல் சிலிண்டர், இரண்டாவது, மூன்றாவது என்று மூன்று இடத்தில் கேட்டார். பிறகு இஞ்சினை நிறுத்தாமலே, முதல் சிலிண்டருக்கு டீசல் போகும் குழாயின் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினார். இஞ்சின் தடுமாறியது. உடனே இறுக்கினார். இரண்டாவதைத் தளர்த்தினார். இஞ்சினிடம் எந்த மாற்றமும் இல்லை.

"பாத்தியா தம்பி, வேலை செய்யுறவனை நிறுத்துனா வீட்டுக்குத் தெரியும். ஏற்கெனவே படுத்துக் கிடக்குறவனை நிறுத்துனா யாருக்கும் தெரியாது. இவன்தான் படுத்துட்டான்."

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் தொட வேண்டும், தொட்டால் என்ன மாறுகிறது என்று பார்க்க வேண்டும், மாறாவிட்டால் அதுவும் ஒரு பதில்தான். பிற்பாடு பாலிடெக்னிக்கில் இதையே வகுப்பெடுத்துச் சொல்லித் தந்தார்கள். என் கைக்கு அது வந்து சேர்ந்தது எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அந்தச் சிமெண்டுத் தரையில்.

டீசலைத் தெளிக்கும் நாசிலைக் கழற்றினால் துரு ஏறி அடைத்திருந்தது. மாற்றினார். இரண்டு வாரம் கழித்து மறுபடி அடைத்தது, மறுபடி மாற்றினார். மூன்றாம் முறை அவர் நாசிலைத் தொடவில்லை. தன் நோட்டை எடுத்தார்.

அந்த நோட்டு கிராணியிடம் கேட்டு வாங்கியது, நீல அட்டை போட்டது. அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். தேதி, மணி, என்ன சத்தம், எதைத் தொட்டேன், என்ன ஆனது, அன்று மழையா வெயிலா என்று எல்லாம் இருக்கும். மழை எதற்கு என்று நான் கேட்டதுண்டு. "எதுக்குன்னு இன்னிக்குத் தெரியாது, எழுதிவை" என்றார்.

அன்று அந்த மழைதான் உதவியது. நாசில் அடைத்த மூன்று முறையும் இரண்டு மூன்று நாள் முன்பு பெருமழை. அடுத்து அப்பா போய்ப் பார்த்தது வெளியே வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்திருந்த டீசல் டிரம்மை. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. அப்புறம் மழைத் தண்ணீர் டீசலுக்குள் எப்படிப் போனது? பகல் வெயிலில் டிரம் சூடாகி உள்ளே இருக்கும் காற்று விரியும், கொஞ்சம் வெளியேறும். மழையிலும் இரவிலும் ஆறும்போது சுருங்கும். அப்போது மேல்தட்டில் தேங்கி நிற்கும் மழைநீரை மூடியின் மரை வழியாகவே உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். டிரம்மைச் சாய்த்துப் படுக்கவைத்து, மேலே நாலு தகரம் போட்டார். அதற்குப் பிறகு அந்த நோட்டில் இரண்டாம் சிலிண்டர் பற்றி ஒரு வரிகூட இல்லை. தேதி 1971 மார்ச். நோட்டு இன்று என் அலமாரியில் இருக்கிறது.

அவருக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். உதிரி பாகம் வெளியூரிலிருந்து வர வாரக்கணக்கில் ஆகும். துரையிடம் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாசிலை வீணாக்கினால் கேள்வி வரும். இல்லாமைதான் அவரைக் காரணம் தேட வைத்தது. அந்த இல்லாமையை நான் புகழமாட்டேன், நான்கு மணி நேர வெளிச்சத்தில் படித்தவன் நான். ஆனால் அது கொடுத்த பழக்கம் பெரியது. வசதி வந்ததும் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டோம் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் எண்பதுகளின் தொடக்கத்தில் படித்தேன். 1969இல் தொடங்கிய, நாட்டின் முதல் பாலிடெக்னிக் அது. படிப்பு முடிந்து தொலைபேசிப் பெட்டிகளில் தொடங்கி, மெல்ல மெல்லக் கணினி வலைக்கு வந்தேன்.

1996 ஆகஸ்டு 3, சனிக்கிழமை மாலை தீபகற்ப மலேசியா முழுவதும் மின்சாரம் போனதை என் வயதுக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இரவில் ஒளி திரும்பியது. ஈப்போவில் ஓர் அலுவலகத்தின் சேசிஸ் மட்டும் எழவில்லை. மூன்று வருடம் ஒருநாளும் நிற்காமல் ஓடியது, ஒரு மாலை நின்றதும் செத்துப்போனது. மின்சாரம் திரும்பிய வேகத்தில் அடிபட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பவர் சப்ளையைத் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்த கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. அவற்றுக்குள் ஈரமான ஒரு ரசாயனம் இருக்கும். சூட்டில் வருடக்கணக்கில் அது கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். ஓடிக்கொண்டிருக்கும்வரை எப்படியோ தாங்கும். ஆறிக் கிடந்து மறுபடி எழும்போது இழுக்கும் மின்சாரத்துக்குத்தான் தாங்காது. அது சாகத் தொடங்கியது அன்றைக்கு அல்ல. இரண்டு வருடமாகச் செத்துக்கொண்டிருந்தது எவருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இது ஏதோ ஒரு பழைய பெட்டியின் கதை என்று விட்டுவிட முடியாது. 2014இல் சிஸ்கோ நிறுவனம் தானே வெளிப்படையாக ஓர் அறிவிப்பு செய்தது. 2005க்கும் 2010க்கும் இடையில் செய்த பல கருவிகளில், ஒரே உற்பத்தியாளரிடமிருந்து வாங்கிய நினைவகச் சில்லுகள் நாளடைவில் பழுதாகலாம். ஓடும்போது பெரும்பாலும் தெரியாது. அணைத்துப் போடும்போது எழாமல் போகலாம் என்றது. உலகம் முழுவதும் எத்தனை பொறியாளர்கள், "நேற்றுவரை நன்றாக இருந்தது, நாங்கள் அணைத்துப் போட்டதால்தான் கெட்டது" என்று தங்களையே நொந்துகொண்டிருப்பார்கள்!

ஆகவே அணைத்துப் போடுவது சின்ன விஷயம் இல்லை என்பேன். அதில் இன்னொரு சேதமும் உண்டு. என்ன நடந்தது, எப்போது நடந்தது, எந்தக் கார்டு எதைச் சொல்லி விழுந்தது என்று சுவிட்ச் தன் நோட்டைத் தானே எழுதிக்கொண்டிருக்கிறது. அதுதான் லாக். வேறொரு கணினிக்கு அனுப்பிச் சேமித்துவைக்க ஏற்பாடு செய்யாவிட்டால் அது பெரும்பாலும் தற்காலிக நினைவகத்தில் மட்டும் இருக்கும். மின்சாரம் போனால் அதுவும் போகும். அணைத்துப் போடுகிறவர் கருவியைக் குணப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு அதன் வாக்குமூலத்தை அழிக்கிறார்.

சுங்கை சிப்புட் கட்டடத்தில் அந்தப் பெண் எனக்காகக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள். நாலாம் ஸ்லாட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. லாக் எடுத்துப் பார்த்தோம். அணைத்துப் போட்ட நேரத்திலிருந்துதான் இருந்தது, அதற்கு முந்திய இரண்டு மாதம் வெறுமை.

"முதல் கார்டு எத்தனை நாள் ஓடிச்சு?"

"அது பழசு அங்கிள், ரொம்ப வருஷம் ஓடுச்சு. ரெண்டாவது மூணு வாரம். இது நாலு நாள்."

ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது. கார்டு கெட்ட கார்டாக இருந்தால் அப்படி வரிசைவைத்துக் குறையாது. ஒவ்வொரு முறை செருகும்போதும் ஏதோ ஒன்று இன்னும் மோசமாகிறது.

எட்டாம் ஸ்லாட் காலியாக இருந்தது. மணிக்கட்டில் எர்த் பட்டையைக் கட்டச் சொன்னேன். குளிர்சாதன அறையின் வறண்ட காற்றில் நம் உடம்பில் சில ஆயிரம் வோல்ட் ஏறியிருக்கும், நமக்குத் தெரியாது. சில்லுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். கார்டை உருவி எட்டாம் ஸ்லாட்டில் மெதுவாகச் செலுத்தச் சொன்னேன். ஆரஞ்சு விளக்கு எரிந்தது. தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் நேரம் அது, பொறுமையாக இருக்க வேண்டும். மூன்று நிமிடம் கழித்துப் பச்சை. அந்தக் கார்டில் குற்றம் இல்லை. உற்பத்தியாளருக்குத் திருப்பி அனுப்பிய மற்ற இரண்டும் பெரும்பாலும் நிரபராதிகளே. இப்படித் திரும்பிப் போய், சோதனையில் பழுது எதுவும் காணவில்லை என்ற சீட்டோடு வெளியே வரும் கார்டுகள் இந்தத் தொழிலில் சாதாரணம்.

அவள் அடுத்து ஒரு புதுக் கார்டை நாலாம் ஸ்லாட்டில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். நல்ல யோசனைதான், ஆனால் வேண்டாம் என்றேன். இருட்டான துளைக்குள் கையை விடுமுன் விளக்கைக் காட்ட வேண்டும். மெல்லிய டார்ச்சை ஸ்லாட்டின் வாய்க்குள் பிடித்து அவளைக் குனிந்து பார்க்கச் சொன்னேன்.

பேக்பிளேன் ஊசிகள் நெல் நாற்றுப்போல வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே உயரம், எல்லாம் ஒரே பளபளப்பு. அவள் கண் இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்தது. ஏறக்குறைய ஒரு நிமிடம் பேசவே இல்லை. பிறகு, "இங்க ஒண்ணு படுத்திருக்கு அங்கிள்" என்றாள்.

கீழ் வரிசையில் ஓர் ஊசி சாய்ந்து, பக்கத்து ஊசியைத் தொட்டும் தொடாமலும் கிடந்தது. அறை குளிர்ந்திருக்கும்போது தொடாது, சூடேறி உலோகம் விரிந்தால் தொடும். அதனால்தான் சில நாள் ஓடியது, சில நேரம் விழுந்தது. ஒவ்வொரு புதுக் கார்டும் அதை இன்னும் கொஞ்சம் அழுத்திப் படுக்கவைத்திருக்கிறது.

படுத்துட்டான் என்று அப்பா சொன்ன அதே சொல். அவள் அவரைப் பார்த்ததில்லை, அவர் இருந்த இடமும் அவளுக்குத் தெரியாது. நான் ஒன்றும் சொல்லாமல் டார்ச்சை அணைத்தேன்.

யார் எப்போது வளைத்தது? லாக் இல்லை. ஆனால் கதவருகே காவலர் வைத்திருந்த கையெழுத்துப் புத்தகம் இருந்தது. உள்ளே வருபவர் பெயர், மணி, காரணம் எல்லாம் பேனாவால் எழுதியவை. இரண்டு மாதம் பின்னால் புரட்டினோம். ஓர் இரவு பதினொன்றரைக்கு அவசர வேலை என்று ஒருவர் வந்து, ஐந்தே நிமிடத்தில் வெளியேறியிருக்கிறார். முதல் பழுது அதற்கு மறுநாள். இருட்டில், அவசரத்தில், கார்டு கொஞ்சம் கோணலாகப் போயிருக்கும். தடுத்திருக்கும். அவர் தள்ளியிருப்பார். அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். நடு இரவில், முதுகுக்குப் பின்னால் மூன்று பேர் நின்று எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது கை நடுங்காதவர் யார்? ஆனால் அவர் அன்றே, "கார்டு உட்காரவில்லை, தள்ளினேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் இரண்டு கார்டுகளும் இரண்டு மாத அலைச்சலும் மிஞ்சியிருக்கும்.

நாலாம் ஸ்லாட்டை மூடித் தகட்டால் அடைத்தோம். அது அழகுக்காக இல்லை. திறந்துவிட்டால் விசிறியின் காற்று அந்த வழியே ஓடிவிடும், மற்றக் கார்டுகள் சூடேறும். கம்பிகளை எட்டாம் ஸ்லாட்டுக்கு மாற்றினோம். சேசிஸை மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்துக் கொடுத்தேன்.

கம்பிகளை மாற்றும்போது ஒரு ஃபைபரின் முனையைத் துடைக்காமல் செருகப் போனாள், தடுத்தேன். நீண்ட தூரம் போகும் ஃபைபரில் ஒளி ஓடும் கண்ணாடியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. அதன் வாயில் ஒரு தூசி உட்கார்ந்தால், ஆற்றின் வாயில் பாறை விழுந்ததுபோல். துடைத்து, நுண்ணோக்கியில் பார்த்து, செருகினாள். அப்போது சொன்னாள்: "எங்கம்மா இதைத்தான் பதினஞ்சு வருஷம் ஃபேக்டரியில செஞ்சாங்க."

ஃபைபர் செருகும் அந்த விரல் நீளக் கருவியை, மின்சாரத்தை ஒளியாகவும் ஒளியை மின்சாரமாகவும் மாற்றுவதை, ஈப்போவில் செய்கிறார்கள் என்பது ஈப்போக்காரர்கள் பலருக்கே தெரியாது. ஃபினிசார் என்ற அமெரிக்க நிறுவனம் 2001இல் இங்கே 6,40,000 சதுர அடித் தொழிற்கூடம் ஒன்றை வாங்கியது. 2019இல் டூ-சிக்ஸ் நிறுவனம் ஃபினிசாரை வாங்கியது. 2022இல் அதன் பெயர் கோஹிரன்ட் என்று மாறியது. தோட்டம் விற்கப்பட்டதால் வெளியே வந்த குடும்பங்களின் பெண்கள் எத்தனையோ பேர் இப்படிப்பட்ட மின்னணுத் தொழிற்கூடங்களின் பேருந்துகளில் ஏறிப்போய்க் குடும்பத்தைத் தாங்கி நிறுத்தினார்கள். பட்டையின் உள்தோல் காயப்படாமல் உளியை நடத்திய தாய்மாரின் பெண்கள், நுண்ணோக்கிக்குக் கீழே கண்ணாடி நூலைக் காயப்படாமல் பிடித்தார்கள். உலகத்தின் எந்த மூலையிலோ ஒரு சுவிட்சில் பச்சை விளக்கு எரிவதில் அவர்கள் கை இருக்கிறது. அதை எங்கேனும் எழுதிவைத்திருக்கிறோமா?

எழுதிவைப்பதைப் பற்றித்தான் இவ்வளவும் சொல்கிறேன். கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் மிஞ்சிய மரம் ஒன்று வேலிக்குள் நிற்கிறது, அதற்கு ஒரு பலகை இருக்கிறது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் பிறந்ததை எல்லா வரலாற்று நூல்களும் சொல்கின்றன. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களின் காசிலேயே தோட்டங்களை வாங்கியதும் பதிவில் இருக்கிறது. ஆனால் ஒரு லயத்தில் எத்தனை குடும்பம் இருந்தது, யார் எந்த நிரை வெட்டினார்கள், விளக்கு எத்தனை மணிக்கு எரிந்தது, எந்த வெள்ளத்தில் ஆயாக்கொட்டகை போனது என்பதெல்லாம் பெரட்டுப் புத்தகங்களிலும் இஞ்சின் வீட்டு நோட்டுகளிலும் மட்டுமே இருந்தன. எங்கள் தோட்டம் கைமாறிய வாரத்தில் ஆபீசுக்குப் பின்னால் இரண்டு நாள் புகை எழுந்தது. அப்பா ஓய்வுபெற்று வீட்டில் இருந்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். குவியலின் ஓரத்தில் எரியாமல் கிடந்த தன் நோட்டு ஒன்றை மட்டும் எடுத்துவர முடிந்தது. அதன் ஒரு மூலை கருகியிருக்கும். மற்ற பதினொன்றும் போயின. அணைத்து, துடைத்து, புதிதாகப் போட்டார்கள். எங்களைப் பற்றிய லாக் அதோடு அழிந்தது. எங்கள் பிள்ளைகள் பள்ளியில் பின்தங்கினால், வேலையில் தடுமாறினால், ஆளைக் குறை சொல்லி ஆளை மாற்றுகிறார்கள். ஊசி எங்கே வளைந்தது என்று பார்க்க ஏடு இல்லை.

அந்த இரவு கிளம்பும்போது அந்தப் பெண்ணைக் கார் நிறுத்துமிடத்தின் கோடிக்கு அழைத்துப்போய், "இந்த இடத்துலதான் எங்கப்பா இஞ்சின் ஓட்டினார்" என்றேன். மழை விட்டிருந்தது. அவள் தரையைப் பார்த்தாள். பிறகு தன் பாட்டியும் இந்தப் பக்கத்துத் தோட்டத்தில்தான் பால் வெட்டினார், தோட்டத்தின் பெயர் மட்டும் தனக்குத் தெரியாது என்றாள். பாட்டி இருக்கிறாரா என்றேன். இருக்கிறார், புந்தோங்கில், எண்பத்தொரு வயது. அடுத்த ஞாயிறே போய்க் கேட்டு எழுதிக்கொள் என்றேன்.

உங்களிடமும் இதையே கேட்கிறேன். பேராக்கிலோ வேறெங்கோ, உங்கள் வீட்டுப் பரணில் பெரட்டுப் புத்தகம், சம்பளச் சீட்டு, மருந்தகச் சீட்டு, தமிழ்ப்பள்ளி வருகைப் பதிவு, கருகிய மூலையோடு ஒரு நோட்டு, எது இருந்தாலும் பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, இரண்டு இடத்தில் சேமித்துவையுங்கள். பாட்டிகள் இருக்கும்போதே தோட்டத்தின் பெயரைக் கேட்டு எழுதிவிடுங்கள்.